ஒரு டின் தண்ணீர்: காளான் க்ரீம் சூப்பும் பெண்களின் நேரமும்

சமையல் குறிப்புகளில் "இடைவிடாமல் கிளறிக்கொண்டே இருக்கவும்" என்றொரு வரி வரும். யார் கிளற வேண்டும் என்று அது சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். எவ்வளவு நேரம் என்பதும் பெரும்பாலும் இருக்காது. வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, பால் ஒன்றரைக் கோப்பை என்று பொருள்களுக்கெல்லாம் அளவு உண்டு. நின்றுகொண்டிருக்கும் உடம்புக்கு மட்டும் அளவு கிடையாது.

காளான் க்ரீம் சூப்பின் வரலாற்றை இந்த வரியை வைத்துக்கொண்டே படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சூப்பின் மேலும், அதற்கு அடிப்படையான வெள்ளை சாஸின் மேலும் பலர் உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். பிரபுக்களின் சமையல்காரர்கள் அதைக் கலை என்றார்கள். மனையியல் ஆசிரியைகள் விஞ்ஞானம் என்றார்கள். ஆலை முதலாளிகள் டின்னில் அடைத்துச் சரக்காக்கினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கிளறும் நேரத்துக்கு ஒரு புது மதிப்பு பிறந்தது. அந்த மதிப்பு வீட்டு அடுப்படிக்குள் வந்து சேர்ந்ததா என்பதுதான் என் கேள்வி.

முதலில் சூப்பைச் செய்துவிடுவோம். கடையில் கிடைக்கும் 200 கிராம் பட்டன் காளான் பாக்கெட் ஒன்று மூன்று பேருக்குப் போதும். ஈரத்துணியால் மண்ணைத் துடைத்து, மெல்லிய துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறேன். அடிகனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் உருகியதும் பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, பூண்டு நாலு பல். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் காளானைச் சேர்க்கிறேன். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். சூடு ஏறியதும் அதை விட ஆரம்பிக்கும், பாத்திரமே குளமாகும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு மாவைப் போடக் கூடாது. தண்ணீர் வற்றி, துண்டுகளின் ஓரம் பழுப்பேறும்வரை பொறுத்தால்தான் காளானின் வாசம் சூப்பில் நிற்கும். பிறகு இரண்டு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, பச்சை வாசனை போக இரண்டு நிமிடம் சிறுதீயில் வறுத்து, ஒரு கோப்பை தண்ணீரையும் ஒன்றரைக் கோப்பை பாலையும் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குக் கெட்டியானதும் உப்பு, மிளகுத்தூள். வீட்டில் க்ரீம் இருந்தால் இறக்கும்போது இரண்டு கரண்டி.

கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். துடைத்து நறுக்குவதில் தொடங்கிக் கிண்ணத்தில் ஊற்றும்வரை 45 நிமிடம். அதில் 20 நிமிடம் அடுப்பை விட்டு நகர முடியாது. பாத்திரம் கழுவுவது தனிக் கணக்கு.

ஏன் நகர முடியாது? மாவை வெண்ணெயில் வறுக்கும்போது மாவின் துகள்களைக் கொழுப்பு சுற்றிக்கொள்கிறது. அதனால் பால் ஊற்றும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்கின்றன. சூட்டில் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்புகிறது, சூப் கெட்டியாகிறது. கிளறுவதை நிறுத்தினால் அடியில் இருக்கும் மாவு முதலில் உப்பிக் கட்டி தட்டும், பால் அடிபிடிக்கும். 'க்ரீம்' என்று நாம் பாராட்டும் வழவழப்பு பாலாடையால் மட்டும் வருவதல்ல. ஒருவர் அங்கே விடாமல் நின்றதால் வருவது.

இந்த வழவழப்புக்குப் பெயர் சூட்டியது பிரெஞ்சுப் பிரபுக்களின் சமையல்கட்டு. 1651இல் வெளியான லா வரேனின் 'ல க்விசினியே பிரான்சுவா' நூலில், மாவைக் கொழுப்பில் வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்கும் முறை இடம்பெறுகிறது. காளானைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் தண்ணீர் வற்ற வதக்கிய கலவைக்கு 'துக்செல்' என்று பெயர். அது லா வரேன் வேலைபார்த்த பிரபுவின் பெயர். வெண்ணெயும் மாவும் பாலும் சேர்ந்த வெள்ளை சாஸுக்கு 'பெஷமெல்' என்று பெயர். அது பதினான்காம் லூயியின் அரண்மனையில் உயர்பதவி வகித்த பெஷமெய் என்பவரின் பெயரால் வழங்குகிறது. இருவரும் சமைத்தவர்கள் அல்லர், மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரேம் சாஸ்களைக் குடும்பம் குடும்பமாக வகைப்படுத்தினார். 1903இல் எஸ்கோஃபியே தன் பெரும் கையேட்டை வெளியிட்டார். அவர் ஒழுங்குபடுத்திய ஓட்டல் சமையலறை ராணுவப் படைபோல் அடுக்கடுக்கான பதவிகளைக் கொண்டது. அதில் சாஸ் கிளறுபவருக்கு 'சோசியே' என்று தனிப் பட்டம் உண்டு, மரியாதை உண்டு, சம்பளம் உண்டு. அந்தப் பதவிகளில் இருந்தவர்கள் ஆண்கள். வீட்டிலும் அதே கரண்டி, அதே கிளறல்தான். அங்கே அது பதவி இல்லை, கடமை.

சமையல் நின்றால்தான் அடுப்பு மற்றவர் கண்ணில் படும் என்பதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அதிலும் காளான் வருகிறது. புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்கிறார். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது. ஆம்பி என்பது காளான். பாலில்லாத மார்பைச் சுவைத்து அழுகிறது குழந்தை. நீர் நிறைந்த கண்களோடு நிற்கிறாள் மனைவி. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் புலவர் வள்ளலைத் தேடி வருகிறார். பேசுகிறவர் அவர், பார்க்கப்படுகிறவள் அவள். அடுப்பு எரிந்த நாட்களில் அதன் முன் நின்றவளின் உழைப்பு இந்தப் பாட்டுக்குத் தேவைப்படவில்லை. அது நின்றுபோய்க் காளான் முளைத்த பிறகுதான் செய்தியாகிறது.

வீட்டு அடுப்பின் உழைப்புக்கு மதிப்புத் தேடிய முக்கியமான முயற்சி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பெண்களிடமிருந்து வந்தது. எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் வேதியியல் படித்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அனுமதிக்கப்பட்ட முதல் பெண், 1873இல் பட்டம் பெற்றார். தண்ணீரையும் உணவையும் ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்த அவர், வீட்டு நிர்வாகமும் ஒரு விஞ்ஞானமே என்று வாதிட்டார். 1909இல் அமெரிக்க மனையியல் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரானார். பாஸ்டன் சமையல் பள்ளியின் தலைவர் ஃபேனி ஃபார்மர் 1896இல் தன் சமையல் நூலைக் கொண்டுவந்தார். தலைதட்டிய கரண்டி, தலைதட்டிய கோப்பை என்று அளவுகளை நிலைநிறுத்திய நூல் அது. பதிப்பகத்துக்கு நம்பிக்கை இல்லை. முதல் 3,000 பிரதிகளை அவர் சொந்தச் செலவில்தான் அச்சிட வைத்தது. பிறகு அது பல லட்சம் பிரதிகள் விற்றது. 'கொஞ்சம் வெண்ணெய், கை அளவு மாவு' என்று தாய் மகளுக்குச் சொன்னது, இத்தனை கரண்டிக்கு இத்தனை கோப்பைப் பால் என்ற பாடமாகியது.

இந்த இயக்கத்தை எளிதாகக் கேலி செய்துவிடலாம். பெண்களை மறுபடியும் அடுப்படிக்கே அனுப்பியது என்று சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். மற்ற அறிவியல் துறைகள் கதவைச் சாத்தியபோது பல பெண்களுக்கு ஆய்வுக்கூடத்துக்குள் நுழையக் கிடைத்த வாசல் அது. ஆனால் வாசலின் உயரம் குறைவு. ரிச்சர்ட்ஸே 1911இல் இறக்கும்வரை அந்தக் கழகத்தில் பயிற்றுநராகத்தான் இருந்தார், பேராசிரியர் ஆகவில்லை.

அதே காலத்தில் இன்னொரு பெண் காளானையே ஆய்வுப் பொருளாக எடுத்தார். வெல்லெஸ்லி கல்லூரியின் தாவரவியலாளர் மார்கரெட் ஃபெர்குசன், காளான் வித்துகள் எப்படி முளைக்கின்றன என்று ஆராய்ந்து எழுதியதை 1902இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டது. உயிருள்ள காளான் இழைகள் அருகில் இருந்தால் வித்துகள் நன்றாக முளைக்கின்றன என்று அவர் காட்டினார். வேண்டியபோது வேண்டிய காளானை வளர்க்க முடிவதற்குப் பின்னால் இத்தகைய ஆய்வுகள் இருக்கின்றன. 1929இல் அமெரிக்கத் தாவரவியல் கழகத்தின் முதல் பெண் தலைவர் ஆனவரும் அவரே. துக்செல் பிரபுவின் பெயர் காளான் கலவையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபெர்குசன் பெயரில் சூப் எதுவும் இல்லை.

மனையியல் என்ற அந்தப் பாதை தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1957இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியது. அதை நெடுங்காலம் வழிநடத்திய ராஜம்மாள் தேவதாஸ், அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். செய்முறை வகுப்பில் வெள்ளை சாஸை மெல்லியது, நடுத்தரம், கெட்டி என மூன்று பதத்தில் செய்து காட்டி மதிப்பெண் வாங்கிய பெண்கள் நம்மிடையே உண்டு. அந்த வகுப்பு பல பெண்களை ஊட்டச்சத்து நிபுணர்களாகவும் ஆசிரியைகளாகவும் வேலைக்கு அனுப்பியது. அதையே கல்யாணத் தகுதியாக மட்டும் பார்த்த குடும்பங்களும் இருந்தன. ஒரே வெள்ளை சாஸ் ஒருத்திக்குச் சம்பளமும் இன்னொருத்திக்கு மாப்பிள்ளையும் வாங்கித் தந்தது.

மூன்றாவதாக வந்தது ஆலை. நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் இருந்த கேம்ப்பெல் நிறுவனத்தில் 1897இல் ஜான் டாரன்ஸ் என்ற இளம் வேதியியலாளர் சூப்பிலிருந்து தண்ணீரைக் குறைத்துச் செறிவாக்கி டின்னில் அடைத்தார். டின் சிறியதானது, எடை குறைந்தது, ரயில் கட்டணம் மிச்சமானது. 10 செண்டுக்கு ஒரு டின் சூப்பை விற்க முடிந்தது. மேதைமைதான். ஆனால் எடுத்த தண்ணீரை யார் திரும்பச் சேர்ப்பது? வாங்கியவள். சூப்பைப் பாத்திரத்தில் கொட்டி, அதே டின்னில் ஒரு டின் தண்ணீரோ பாலோ அளந்து ஊற்றிச் சூடாக்க வேண்டும். தொழிற்சாலையின் கடைசிக் கட்டம் அவளது அடுப்பில் நடந்தது. அந்தக் கட்டத்துக்குக் கூலி கிடையாது.

காளான் க்ரீம் சூப் டின்னில் வந்தது 1934இல். கேம்டனிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பென்சில்வேனியாவின் கென்னட் ஸ்கொயர் வட்டாரம் அப்போதே காளான் விளைச்சலுக்குப் பெயர்பெற்றிருந்தது. பூ வளர்ப்பவரான வில்லியம் ஸ்வெய்ன், பசுமைக்குடிலில் பூந்தட்டுகளுக்கு அடியில் வீணாகக் கிடந்த இருட்டில் 1880களில் காளான் வளர்க்கத் தொடங்கிய ஊர் அது. சூப் வெளியான அதே 1934இல் கேம்டன் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலையில் ஆண்களுக்கான வேலை, பெண்களுக்கான வேலை என்று பிரித்திருந்தார்கள். பெண்களின் வேலைக்குக் கூலி குறைவு. பெதோ முறை என்ற ஏற்பாட்டின்படி ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆகலாம் என்று அளந்து, அந்த வேகத்துக்குத் தொழிலாளர்களை விரட்டினார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஆலைக்குள் பெண்ணின் ஒவ்வொரு நிமிடமும் எண்ணப்பட்டது, சுரண்டுவதற்காகத்தான் எண்ணப்பட்டது. ஆனால் எண்ணப்பட்டதால் அதைச் சொல்லிச் சண்டை போட முடிந்தது, வேகத்தைக் குறை என்று கேட்க முடிந்தது, வாசலில் மறியல் செய்ய முடிந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய் அதே சூப்பைச் சூடாக்கிய நிமிடங்களை யாரும் எண்ணவில்லை. எண்ணாததை எதிர்த்து எப்படி வேலைநிறுத்தம் செய்வது?

வீட்டுப் பெண்கள் அந்த டின்னைச் சூப்பாக மட்டும் பயன்படுத்தவில்லை. மாவும் வெண்ணெயும் பாலும் ஏற்கெனவே கட்டி தட்டாமல் சேர்ந்திருக்கிறதே, வெள்ளை சாஸுக்குப் பதிலாக இதையே ஊற்றிவிடலாமே என்று கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் தேவாலய விருந்துகளுக்குச் செய்யும் அடுப்பு உணவுகளில் அது இல்லாத நாளில்லை. 'லூத்தரன் பசை' என்ற பொருளில் செல்லப்பெயரே வைத்தார்கள். அந்த 20 நிமிடக் கிளறலை விலை கொடுத்து வாங்கினார்கள் என்றே இதைப் பார்க்கிறேன்.

1955இல் கேம்ப்பெல் நிறுவனத்தின் மனையியல் பிரிவில் வேலைபார்த்த டார்கஸ் ரெய்லியும் அவரது குழுவினரும் ஒரு செய்தி நிறுவனத்துக்காகப் புதிய உணவு ஒன்றை உருவாக்கினார்கள். காளான் சூப் டின், பால், சோயா சாஸ், மிளகு, பீன்ஸ், பொரித்த வெங்காயம். ஆறே பொருள், பெரும்பாலான வீட்டு அலமாரிகளில் இருப்பவை. அந்தப் பீன்ஸ் கேசரோல் நன்றி நவிலல் நாள் விருந்தில் இன்றும் அமெரிக்க மேசைகளுக்கு வருகிறது. ரெய்லி மனையியல் பட்டதாரி. 2018இல் 92 வயதில் இறந்தார். அந்த உணவின் ஐம்பதாம் ஆண்டில் அவரிடம் கேட்டபோது, நூற்றுக்கணக்கான குறிப்புகளில் அதுவும் ஒன்று என்பதால் உருவாக்கியதே நினைவில்லை என்றார். கையால் எழுதிய அவரது குறிப்பு அட்டை 2002இல் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்குக்குப் போனது. வீட்டு அடுப்பில் பிறக்கும் ஆயிரம் சமயோசிதங்களில் ஒன்று கண்டுபிடிப்பு என்று ஏற்கப்பட்டது. அதைச் சம்பளத்துக்குச் செய்ததாலும் டின் விற்றதாலும் அது சாத்தியமானது.

'வீட்டுப் பெண்' என்று நான் சொல்லும்போது யாரைச் சொல்கிறேன் என்பதிலும் கவனம் வேண்டும். வசதியான வெள்ளையர் வீடுகள் பலவற்றில் அடுப்பின் முன் நின்றவர்கள் கறுப்பினப் பெண்கள். 1935இல் அமெரிக்க அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது வீட்டுவேலைத் தொழிலாளர்களையும் விவசாயத் தொழிலாளர்களையும் அதிலிருந்து விலக்கி வைத்தது. சூப்பைக் கிளறியவளும் வயலில் பாடுபட்டவளும் முதுமையில் ஓய்வூதியம் இல்லாமல் நின்றார்கள். நம் வீடுகளிலும் 'என் சமையல்' என்று பெருமைப்படுவதற்கு முன் வெங்காயம் உரித்தது யார், பாத்திரம் துலக்கியது யார், அவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

டின் வந்ததால் பெண்ணின் நேரம் மிஞ்சியதா? 1960இல் பெக் பிராக்கன் என்ற விளம்பர எழுத்தாளர், சமையலை வெறுப்பவர்களுக்கான சமையல் நூல் ஒன்றை வெளியிட்டார். டின் சூப்புகள் நிறைந்த நூல் அது. ஆண் பதிப்பாசிரியர்கள் ஆறு பேர் அதை மறுத்தார்கள், ஒரு பெண் பதிப்பாசிரியர் ஏற்றார். முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. சமையல் பிடிக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்ல இத்தனை பெண்கள் காத்திருந்திருக்கிறார்கள். ஆனால் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூல் இன்னொன்றைக் காட்டியது. புதிய வசதிகள் விறகு வெட்டுவது, மாவு அரைத்து வருவது போன்ற ஆண்களின், பிள்ளைகளின் வேலைகளைத்தான் முதலில் நீக்கின. பெண்ணின் வேலை நீங்கவில்லை, அதன்மீதான எதிர்பார்ப்பு உயர்ந்தது. முன்பு ஒரு குழம்பு போதும். இப்போது சூப்பும் வேண்டும்.

இன்று காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. பாக்கெட் சூப் கூடாது, மைதா கூடாது, எல்லாம் வீட்டிலேயே செய்ய வேண்டும், அதுதான் ஆரோக்கியம், அதுதான் அன்பு என்கிறார்கள். கையால் செய்த சூப்பின் ருசி தனி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறிவுரை யாருடைய நிமிடங்களைச் செலவழிக்கச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களே நான்கில் ஒருவர் அளவுதான்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கும் திட்டம் தொடங்கியது. அதை உதவித்தொகை என்று சொல்லாமல் பெண்களின் கூலியற்ற உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசு சொன்னது முக்கியமானது. அது கூலி அல்ல என்பதும் உண்மை. இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகில இந்தியச் சராசரியான அந்த 299 நிமிடத்தை முப்பது நாளுக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 150 மணி நேரம். ஆயிரம் ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. இந்தக் கணக்கு தொகையைக் குறைசொல்வதற்காக அல்ல. இத்தனை காலம் அந்த இடத்தில் பூஜ்யம்தான் இருந்தது என்பதை நினைவுபடுத்துவதற்காக.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்களிடமிருந்து ஒரு குறிப்பை எழுதி வாங்குங்கள். சூப்போ, மோர்க்குழம்போ, எதுவானாலும் சரி. பொருள்களின் அளவை எழுதும்போது பக்கத்தில் நிமிடங்களையும் எழுதுங்கள்: நறுக்க எவ்வளவு, நின்று கிளற எவ்வளவு, கழுவ எவ்வளவு. குறிப்பின் தலைப்பில் அவர் பெயரை எழுதுங்கள். அம்மா, அத்தை என்ற உறவுமுறையை அல்ல, அவர் பெயரை. உதவிக்கு வந்தவர் இருந்தால் அவர் பெயரையும். பிறகு அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவிட்டு, அடுத்த முறை கரண்டியை யார் பிடிப்பது என்று பேச்சைத் தொடங்குங்கள்.